எச்610, பி760, பி650: கையில் இருக்கும் ராமை வைத்து முடிவெடுங்கள்

உங்கள் கேள்வியின் சுருக்கம்: கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் ஸ்டுடியோ, வேலை கல்யாண வீடியோ எடிட்டிங். பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய 8 ஜிபி டிடிஆர்4 3200 ராம் இரண்டும், ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கார்டும் கையில் இருக்கின்றன. கடலூர்க் கடை தந்த கொட்டேஷன் ஐ5-12400எஃப், எச்610 போர்டு, "இருக்கிற ராமையே போட்டுக்கலாம்". பாண்டிக் கடை தந்தது ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5 16 ஜிபி இரண்டு. விலையில் பெரிய இடைவெளி இருப்பதால் எந்த சிப்செட் (எச்610, பி650 என்று போர்டுக்குப் பெயர் தரும் துணைச் சிப்) நல்லது என்று கேட்கிறீர்கள்.

இரண்டுமே உங்களுக்குச் சரியில்லை என்பேன். பெயரின் கடைசியில் எஃப் எழுத்து இல்லாத ஐ5-12400 (காரணம் கீழே), பட்ஜெட் இடம் கொடுத்தால் எஃப் இல்லாத ஐ5-14400, அதோடு நான்கு ராம் ஸ்லாட் உள்ள டிடிஆர்4 பி760 போர்டு. இதுதான் உங்கள் வேலைக்கும் கையில் இருக்கும் ராமுக்கும் பொருந்துகிறது. பாண்டிக் கொட்டேஷன் மோசமானதல்ல. அது எப்போது சரியாகும் என்பதையும் கீழே சொல்கிறேன்.

முதலில் ஒரு பழைய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ராமை இயக்கும் மெமரி கன்ட்ரோலர் இப்போது சிப்செட்டில் இல்லை, ப்ராசஸருக்குள் இருக்கிறது. ஏஎம்டி 2003லேயே அத்லான் 64 மூலம் அதை உள்ளே கொண்டுவந்தது. இன்டெல் 2008ல் செய்தது. "இந்த சிப்செட் இவ்வளவு ராம் ஸ்பீடு எடுக்கும்" என்று கடைகளில் இன்னும் சொல்வது அந்தக் காலத்துப் பேச்சின் மிச்சம். இன்று சிப்செட்டின் பெயர் உங்களுக்குச் சொல்வது முக்கியமாக மூன்று விஷயங்களை. ராமை அதிகாரபூர்வ வேகத்துக்கு மேல் ஓட்ட (ஓவர்கிளாக்) அனுமதி உண்டா, ஒரு சேனலுக்கு (ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையே உள்ள பாதை) எத்தனை ஸ்லாட், எஸ்எஸ்டி முதலானவற்றுக்கு எத்தனை பிசிஐஇ லேன் (தரவு ஓடும் தடம்; ஜென்3, ஜென்4 என்பவை அதன் தலைமுறைகள்). டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்பதை ப்ராசஸர் எதை ஏற்கும் என்பதும் போர்டில் எந்த ஸ்லாட்டைப் பதித்திருக்கிறார்கள் என்பதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் இரண்டையும் ஏற்கும். ஆகவே ஒரே பி760 பெயரில் டிடிஆர்4 போர்டும் உண்டு, டிடிஆர்5 போர்டும் உண்டு. மாடல் பெயரின் கடைசியில் டி4 என்று இருக்கிறதா பாருங்கள். சில கம்பெனிகள் டிடிஆர்4 என்றே முழுதாக எழுதும். இரண்டு ராமுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கும். உள்ளே போகவில்லை என்றால் அழுத்தாதீர்கள், தப்பான போர்டு வந்திருக்கிறது.

இனி எச்610. இன்டெல் இதை ஆபீஸ் கம்ப்யூட்டருக்காகவே குறைத்துச் செய்தது. சேனலுக்கு ஒரு ஸ்லாட், மொத்தம் இரண்டு. உங்கள் 8 ஜிபி ராம் இரண்டையும் போட்டதுமே இடம் தீர்ந்தது. 4கே புட்டேஜை இரண்டு மூன்று கேமரா ஆங்கிளில் வைத்து எடிட் செய்ய 16 ஜிபி போதாது. ஆறு மாதத்தில் 32 தேவைப்படும்போது இப்போதைய இரண்டையும் கழற்றி ஓரமாக வைக்க வேண்டியதுதான். "இருக்கிற ராமைப் பயன்படுத்தலாம்" என்ற லாபம் அங்கேயே கரைந்துவிடும். அடுத்தது, ப்ராசஸரில் இருந்து எஸ்எஸ்டிக்கு நேராக வரும் ஜென்4 நான்கு லேன்களை எச்610 திறப்பதில்லை. எஸ்எஸ்டி மாட்டும் எம்.2 ஸ்லாட் சிப்செட் வழியாக ஜென்3 வேகத்தில்தான் ஓடும். மூன்றாவது, மெமரி ஓவர்கிளாக்குக்கு அனுமதி இல்லை. உங்கள் ராம் உண்மையிலேயே 3200ஆக அடிப்படை வேகம் எழுதப்பட்டதா, அல்லது 2666 ராமுக்கு எக்ஸ்எம்பி (ராமிலேயே எழுதி வைத்த கூடுதல் வேக அமைப்பு) மூலம் 3200 கொடுத்திருக்கிறார்களா என்பது இந்த போர்டில் முக்கியமாகிறது. இரண்டாவது வகை என்றால் போர்டைப் பொறுத்து 2666லேயே நின்றுவிட வாய்ப்புண்டு. பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடினால் சிபியு-இசட் என்ற மென்பொருளைப் போட்டு எஸ்பிடி பக்கத்தைப் பாருங்கள். ஜெடெக் (தரநிலை வேகம்) என்ற வரிசைகளில் 1600 மெகாஹெர்ட்ஸ் இருந்தால் அது அசல் 3200. அங்கே 1333ல் முடிந்து, எக்ஸ்எம்பி வரிசையில் மட்டும் 1600 இருந்தால் இரண்டாவது வகை. (அந்தப் பக்கம் பாதி எண்ணைத்தான் காட்டும், இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.)

ராமின் ஸ்டிக்கரையும் ஒரு தடவை பாருங்கள். 1ஆர்எக்ஸ்8 என்றிருந்தால் எட்டு சிப், நல்லது. 1ஆர்எக்ஸ்16 என்றிருந்தால் நான்கே சிப். உள்ளே பேங்க் குரூப் (தரவு வைக்கும் பகுதிகளின் தொகுப்பு) பாதிதான், அதே 3200லும் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். தூக்கிப் போட வேண்டியதில்லை, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். டிடிஆர்5ல் 8 ஜிபி ராம்கள் இந்த நான்கு சிப் வகைதான். அதனால் டிடிஆர்5 வாங்குவோர் 16 ஜிபிக்குக் கீழே போகக் கூடாது.

சிப்செட்டை விடப் பெரிய தவறு கடலூர்க் கொட்டேஷனில் அந்த எஃப் எழுத்து. எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. கேமிங் கம்ப்யூட்டரில் அது நல்ல மிச்சம். கல்யாண வீடியோ எடிட்டிங்கில் அப்படி இல்லை. இப்போதைய கேமராக்கள் 10 பிட் 4:2:2 (நிறத் தகவல் அதிகம் உள்ள வகை) எச்.265 கோப்புகளை எழுதுகின்றன. சோனியின் எக்ஸ்ஏவிசி எச்எஸ் அந்த வகை. இன்டெலின் உள் கிராபிக்ஸ் 11ஆம் தலைமுறையில் இருந்து அதை ஹார்டுவேரிலேயே டிகோட் செய்கிறது. உங்கள் ஜிடிஎக்ஸ் 1650 செய்யாது. ரைசன் 7600 உள்ளே இருக்கும் சின்ன ரேடியானும் செய்யாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் அது வந்தது. எஃப் ப்ராசஸரில் டைம்லைனை இழுத்தால் படம் திக்கித் திக்கி வரும், ப்ராக்ஸி (எடிட்டுக்கான சிறிய நகல்) போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்; அதற்கு ராம் மேல் பழி போடுவோர் நிறைய. கேமராவில் எக்ஸ்ஏவிசி எஸ், 4:2:2, 10 பிட் என்று எடுத்தால் அது எச்.264, அதற்கு இந்த இன்டெல் ப்ராசஸர்களும் கை கொடுக்காது, கோடெக்கை எச்எஸ்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் எடுப்பது சாதாரண 8 பிட் 4:2:0 என்றால் இந்தப் பத்தியை விட்டுவிடலாம், எந்தக் கார்டும் போதும்.

எஃப் இல்லாததை வாங்கிவிட்டுத் தனி கார்டும் போட்டால் பல போர்டுகள் உள் கிராபிக்ஸைத் தானே அணைத்துவிடும். பயாஸில் ஐஜிபியு மல்டி மானிட்டர் என்பதை எனேபிள் செய்து, விண்டோஸில் இன்டெல் டிரைவரையும் போடுங்கள். மானிட்டர் கேபிள் ஜிடிஎக்ஸ் கார்டிலேயே இருக்கட்டும். டாஸ்க் மேனேஜரில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டும் தெரிந்தால் சரி.

பி760க்கு வருவோம். இதில் நான்கு ஸ்லாட் போர்டும் உண்டு, இரண்டு ஸ்லாட் போர்டும் உண்டு. மலிவு மாடல்கள் சிலவற்றில் இரண்டுதான் இருக்கும், ஆகவே படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். எக்ஸ்எம்பி அனுமதி உண்டு, எம்.2 ஒன்று ப்ராசஸரில் இருந்து நேராக ஜென்4ல் வரும். ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்ய முடியாது. கே ப்ராசஸர் (ஓவர்கிளாக்குக்குத் திறந்த வகை) வாங்காத உங்களுக்கு அது ஒரு குறையே அல்ல. மேல்மட்ட சிப்செட்டான இசட்790க்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

ராம் கணக்கு இப்படி. இப்போது 8+8 போட்டு ஓட்டுங்கள். பிறகு 16+16 கிட் ஒன்று, 3200தான், வாங்கிச் சேருங்கள். ப்ராசஸர் பக்கத்தில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்களில் (ஏ2, பி2) பெரிய ஜோடி. ஒன்றாவது, மூன்றாவதில் பழைய 8 ஜிபி ஜோடி. ஒவ்வொரு சேனலிலும் 24, ஆக மொத்தம் 48 ஜிபி, இரு சேனலும் சமம். நான்கும் அதில் மெதுவான ராமின் வேகத்தில் ஓடும். எக்ஸ்எம்பி போட்டால் பூட் ஆகாமல் அடம் பிடித்தால் அதை அணைத்து ஜெடெக் வேகத்திலேயே விடுங்கள், எடிட்டிங்கில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பக்கம் 16+8, மறு பக்கம் 16 மட்டும் என்று மட்டும் போடாதீர்கள்.

3600 கிட் விலை கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று கடைக்காரர் காட்டுவார். கே இல்லாத 12ஆம் தலைமுறை ப்ராசஸர்களில் எஸ்ஏ வோல்டேஜை (மெமரி கன்ட்ரோலருக்கான மின்னழுத்தம்) பூட்டி வைத்திருக்கிறார்கள். 3600 வைத்தால் கியர் 1ல் (கன்ட்ரோலர் ராமின் வேகத்திலேயே ஓடும் நிலை) நிலைக்காமல் போகலாம், அல்லது போர்டு சத்தம் இல்லாமல் கியர் 2க்கு இறக்கிவிடும். கியர் 2ல் மெமரி கன்ட்ரோலர் பாதி வேகத்தில் ஓடும், லேட்டன்சி கூடும். 3200, கியர் 1, அவ்வளவுதான்.

இப்போது பாண்டிக் கொட்டேஷன். கையில் பழைய ராம் இல்லாதவர், 4:2:2 தலைவலி இல்லாதவர் அல்லது ஆர்டிஎக்ஸ் 50 கார்டு வாங்கப் போகிறவர், மூன்று நான்கு வருடத்தில் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள நினைப்பவர் என்றால் நான் ரைசன் 7600 உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டைத்தான் சொல்வேன். இன்டெலின் 1700 சாக்கெட் 14ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2022ல் வந்த ஏஎம்5ஐ 2027க்கும் அப்பால் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் ஏஎம்5ல் டிடிஆர்5 மட்டும்தான், பழைய ராமுக்கு வழியே கிடையாது. 2025 இறுதியில் இருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில், கையில் இருக்கும் 16 ஜிபியின் மதிப்பை லேசாக எண்ண வேண்டாம்.

ஏஎம்5 சிப்செட் பெயர்களில் நிறைய ஜோடனை இருக்கிறது. பி650ம் பி850ம் உள்ளே ஒரே சிப்தான். எக்ஸ்670, எக்ஸ்870இ என்பவை அதே சிப்பை இரண்டாக வைத்தவை; ஸ்டுடியோவுக்குத் தேவையில்லை. எக்ஸ்870ல் யுஎஸ்பி4 கட்டாயம், அதற்குத்தான் காசு. கவனிக்க வேண்டியது பி840. பி850க்குத் தம்பி போலப் பெயர் வைத்திருக்கிறார்கள், ஆனால் சிப்செட் லேன்கள் ஜென்3, ப்ராசஸர் ஓவர்கிளாக்கும் கிடையாது. ஏ620லும் ப்ராசஸர் ஓவர்கிளாக் இல்லை, ஆனால் எக்ஸ்போ (எக்ஸ்எம்பிக்கு ஏஎம்டியின் இணை) மூலம் ராம் 6000 ஓடும். ராம் விஷயத்தில் இன்டெலின் அடிமட்ட போர்டை விட ஏஎம்டியின் அடிமட்ட போர்டு தாராளம்.

ரைசன் 7000க்கு அதிகாரபூர்வ வேகம் 5200, ரைசன் 9000க்கு 5600. நடைமுறையில் 6000 சிஎல்30தான் (சிஎல் என்பது ராம் பதில் தர எடுக்கும் சுழற்சிகளின் எண்ணிக்கை) எல்லோரும் போடுவது; மெமரி கன்ட்ரோலர் ராமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடும் எல்லை பெரும்பாலான சிப்களில் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சிஎல்லை மட்டும் பார்த்து "டிடிஆர்4 சிஎல்16, இது சிஎல்30, மெதுவா?" என்று கேட்பவர்களுக்கு: சிஎல்லை 2000ஆல் பெருக்கி வேகத்தால் வகுங்கள், நானோ நொடி வரும். 3200 சிஎல்16க்கு 10. 6000 சிஎல்30க்கும் 10. 5600 சிஎல்46க்கு 16.4. உங்கள் பாண்டிக் கொட்டேஷனில் "டிடிஆர்5 16 ஜிபி இரண்டு" என்று மட்டும் இருக்கிறது. அது இந்தக் கடைசி வகையாக இருக்கலாம். வேகமும் சிஎல்லும் எழுதித் தரச் சொல்லுங்கள். தனித்தனி டப்பாவில் இரண்டு தராமல் ஒரே பேக்கில் வந்த கிட்டாகக் கேளுங்கள். மாடல் எண் ஒன்றாக இருந்தாலும் வேறு வேறு பேட்ச்சில் உள்ளே வேறு கம்பெனி சிப் இருக்கும், 6000ல் சண்டை போடும்.

டிடிஆர்5ல் "இப்போது இரண்டு, பிறகு இரண்டு" என்ற வழக்கத்தை மறந்துவிடுங்கள். நான்கு ராம் போட்டால் ரைசன் 7000, 9000 இரண்டிலும் அதிகாரபூர்வ வேகம் 3600க்கு இறங்கும். நான்கு ஸ்லாட் போர்டில் அது படுகுழி. தேவை 64 என்றால் முதலிலேயே 32+32. டிடிஆர்4ல் நான்கு ராம் போடச் சொன்ன நானே இங்கே வேண்டாம் என்கிறேன், காரணம் இதுதான்.

ஏஎம்5ல் முதல் தடவை ஆன் செய்ததும் திரை கறுப்பாகவே இருக்கும், போர்டில் டிரேம் (ராம்) விளக்கு மட்டும் எரியும். மெமரி டிரெய்னிங் (ராமுக்கு ஏற்றபடி போர்டு தன்னைச் சரிசெய்துகொள்வது) நடக்கிறது. 32 ஜிபிக்குச் சில நிமிடம், அதிக ராம் என்றால் பத்து நிமிடமும் தாண்டும். செத்துவிட்டது என்று நினைத்து ரீசெட் அழுத்தினால் மறுபடி முதலில் இருந்து தொடங்கும். இங்கே கரண்ட் போனாலும் அதே கதி, ஆகவே முதல் பூட்டும் பயாஸ் அப்டேட்டும் யுபிஎஸ்ஸில்தான். ஒவ்வொரு தடவையும் இப்படி நேரம் எடுத்தால் பயாஸில் மெமரி கான்டெக்ஸ்ட் ரிஸ்டோர் எனேபிள் செய்யுங்கள், கூடவே பவர் டவுன் எனேபிளும் ஆனில் இருக்கட்டும். முதலாவதை மட்டும் போட்டு இரண்டாவதை அணைத்தால் புளூ ஸ்கிரீன் வருவதுண்டு. பயாஸை முதலிலேயே புதுப்பித்துவிடுங்கள். 2023ல் பெயரில் எக்ஸ்3டி உள்ள சில ரைசன் ப்ராசஸர்கள் எக்ஸ்போ போட்டபோது எஸ்ஓசி வோல்டேஜ் எகிறிக் கருகின; அதன் பிறகு வந்த பயாஸ்களில் அது 1.3 வோல்ட்டில் கட்டப்பட்டுவிட்டது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியின் பழைய ஏஎம்4 சாக்கெட்டில் பி550 போர்டும் ரைசன் 5 5600ம் உங்கள் ராமை ஏற்கும், மலிவு, ஆனால் உள் கிராபிக்ஸ் கிடையாது. எஃப் பற்றிச் சொன்ன எல்லாம் இதற்கும் பொருந்தும். கோர் அல்ட்ரா 200 வரிசை, பி860 போர்டு: டிடிஆர்5 மட்டும், 4:2:2 கை கொடுக்கும், பட்ஜெட் இருந்தால் பார்க்கலாம். செகண்ட் ஹேண்டில் 13700, 13900, 14700 மலிவாக வந்தால், 2024ல் இன்டெல் ஒப்புக்கொண்ட வோல்டேஜ் கோளாறு உள்ள ப்ராசஸர்களின் பட்டியலில் இவை இருக்கின்றன என்பதை நினைவில் வையுங்கள். பழைய பயாஸில் வருடக்கணக்கில் ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். 12400, 14400 அந்தப் பட்டியலில் இல்லை. பி760 போர்டில் 14400 போடுவதாக இருந்தால் 14ஆம் தலைமுறைக்கான பயாஸ் ஏற்றித்தான் தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ச் சங்கதி இரண்டு. ஒன்று வெயில். 12400 முழு டர்போவில் 117 வாட் வரை இழுக்கும், 14400 148 வாட் வரை. ரைசன் 7600க்கு எல்லை 88. மலிவு போர்டுகளில் ப்ராசஸருக்குக் கரண்ட் தரும் விஆர்எம் மேல் அலுமினியக் கட்டியே இருக்காது. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், மூன்று மணி நேர வீடியோ ரெண்டர் ஓடும்போது விஆர்எம் சூடேறி ப்ராசஸரின் வேகத்தைக் கீழே இறக்கிவிடும். போர்டு படத்தில் சாக்கெட்டின் இடப் பக்கம் ஹீட்சிங்க் இருக்கிறதா என்பதை சிப்செட் பெயருக்கும் முன்னால் பாருங்கள்.

இரண்டாவது உப்புக் காற்று. கடற்கரையில் இருந்து ஒரு கிலோமீட்டருக்குள் ஸ்டுடியோ என்றால், நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு திடீரென ராமைக் காணோம் என்று பீப் அடிப்பது சாதாரணம். 16 ஜிபி 8ஆகத் தெரியும், அல்லது டிரேம் விளக்கிலேயே நிற்கும். "செட் ஆகாத ராம்" என்று புதிது விற்கப் பார்ப்பார்கள். முதலில் பவர் கார்டைக் கழற்றி, ராமை எடுத்து, தங்க முனையை மென்மையான பென்சில் ரப்பரால் நீளவாக்கில் தேயுங்கள். துகளைத் துடைத்து ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் ஒற்றி, காய்ந்த பின் மாட்டுங்கள். ஸ்லாட்டுக்குள் உலர்ந்த பிரஷ் மட்டும். உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், மெல்லிய தங்கப் பூச்சு உரிந்தால் அடுத்த மழைக்குள் கறுத்துவிடும். உங்கள் பழைய 8 ஜிபி ராம்களைப் புது போர்டில் மாட்டும் முன் இதைச் செய்துவிடுவது நல்லது.

கம்ப்யூட்டரை எடுக்கக் கடைக்குப் போகும்போது அங்கேயே ஆன் செய்து டாஸ்க் மேனேஜரில் பர்ஃபாமன்ஸ், மெமரி பாருங்கள். வேகம் 3200 இருக்க வேண்டும். 2400, 2666 என்றிருந்தால் எக்ஸ்எம்பி போடவில்லை. டிடிஆர்5 6000 கிட்டுக்கு 4800 காட்டினாலும் அதே கதைதான். சிபியு-இசட் மெமரி பக்கத்தில் டூயல் சேனல் வருகிறதா பாருங்கள்; டிடிஆர்5 என்றால் 4 x 32 பிட் என்று காட்டலாம், அதுவும் சரிதான். வீட்டுக்கு வந்த முதல் இரவே மெம்டெஸ்ட்86ஐ பென் டிரைவில் போட்டு நான்கு பாஸ் ஓடவிட்டுப் படுங்கள். ஒரே ஒரு எரர் வந்தாலும் எக்ஸ்எம்பியை அணைத்து மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் வந்தால் ராம்களை ஒவ்வொன்றாகத் தனியே ஏ2 ஸ்லாட்டில் போட்டுப் பார்த்து, எரர் தரும் ராமைத் தனியே எடுத்து வையுங்கள். புது கிட் என்றால் பில்லோடு மறுநாளே கடைக்கு.